தேய்த்துத் தேய்த்துக் கரைத்த வாள்கள்

இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு வீட்டில் பழைய வாளோ வேலோ இருந்தால், அதை அழிப்பது கடல் காற்று மட்டும் இல்லை. வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்து, புளி போட்டு, செங்கல் பொடி போட்டு, இப்போது போதாக்குறைக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிக் கண்ணாடியாகப் பளபளக்க வைக்கிறோமே, பாதி வேலையை அந்தப் பக்திதான் செய்கிறது.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில், வளரி என்ற பிறை வடிவ எறி ஆயுதம் குறித்துப் புதுக்கோட்டை திவான் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. போர்க்களத்தில் பறந்த வளரி இப்போது பூஜை அறையில் ஓய்வெடுக்கிறது, ஆயுத பூஜை அன்று சுரண்டித் துடைத்து மறுபடி உள்ளே வைக்கிறார்கள் என்கிறார். ஆக நூறு வருடத்துக்கு மேலாகச் சுரண்டிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை இரும்பு போனாலும், ஒரு வாளின் கூர்ப்பக்கம் எவ்வளவு மெலிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெலிவதோடு நிற்பதில்லை. கொல்லன் அடித்த முத்திரை, பொன் கம்பி பதித்த வரி, உருக்கின் நீரோட்டக் கோலம் எல்லாம் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. முதலில் போவது அவைதான்.

மிஞ்சியிருப்பதே கொஞ்சம் என்பதால்தான் இவ்வளவு பேச்சு. 1772-ல் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஜெனரல் ஸ்மித்தின் படை இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. 1799-ல் முதுகுளத்தூர்ப் பக்கம் கிளர்ச்சி. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதன்பின் கும்பெனி அரசு பாளையக்காரர் கோட்டைகளை இடித்தது, ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தது, வைத்திருப்பதே குற்றம் என்று அறிவித்தது. பரணிலும் நெல் குதிருக்குள்ளும் ஒளித்துவைத்தவைதான் தப்பின. இராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பவை போக, குடும்பங்களிடம் இருப்பவை எண்ணிக்கையில் சொற்பம்.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அய்யனார், கருப்பர் கோயில்களில் ஊன்றியிருக்கும் ஆளுயர அரிவாள்கள் நேர்த்திக்கடன். போருக்குச் செய்தவை அல்ல. அவற்றைத் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் அந்தந்தக் கோயில் வழக்கம். இங்கே பேச்சு போர் ஆயுதங்களைப் பற்றி மட்டும்.

உப்பு என்ன செய்கிறது

மதுரையில் ஒரு வாளுக்கு எண்ணெய் தடவி வைத்தால் நெடுநாள் அப்படியே கிடக்கும். அதே வாள் கீழக்கரையில் ஆறு மாதத்தில் புள்ளி போட ஆரம்பிக்கிறது. ஈரம் ஒரு காரணம், ஆனால் ஈரம் மட்டும் இல்லை. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் அதோடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு வாரியபின் மிஞ்சுகிற கசப்பு நீர் எளிதில் காயாமல் கிடப்பதும் இதனால்தான். கடலோர வீட்டில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது நடக்காத காரியம். ஆகவே இரும்பின் மேல் ஒருமுறை படிந்த கடல் உப்பு, சித்திரை வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப் படலமாக அப்படியே இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடைக் காலத்தில் தொண்டி, தேவிபட்டினம் பக்கமும் இந்தப் படலம் நாளுக்கு நாள் தடிக்கும்.

இரண்டாவது தொல்லை இன்னும் மோசம். இந்த உப்பில் உள்ள குளோரைடு தன் வேலையை முடித்துத் தீர்ந்துபோவதில்லை. இரும்போடு சேர்கிறது, துரு உண்டாகும்போது மறுபடி விடுபடுகிறது, துருவுக்கு அடியில் இறங்கி அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. அதனால் மேலே இருக்கும் துருவைச் சுரண்டி எடுத்தாலும் அடியில் உள்ள குளோரைடு அங்கேயே இருக்கும். புதிதாகத் திறந்துவிட்ட பச்சை இரும்பு அதற்கு இன்னும் வசதி.

உங்களிடம் இருப்பது எந்த நிலை என்று கண்ணாலேயே சொல்லலாம். கரும்பழுப்பாகவோ கருப்பாகவோ, கெட்டியாக, நகத்தால் கீறினால் தூள் வராமல் இருந்தால் அது அமைதியான துரு. அது வாளுக்குத் தோல். அதில் கை வைக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் தூளாக உதிர்ந்தால், செதில் செதிலாகத் தூக்கினால், மழைக்காலத்தில் மேலே மஞ்சள் கலந்த சின்னச் சின்ன நீர் முத்துகள் அரும்பினால், உள்ளே குளோரைடு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த முத்துகள் காய்ந்தால் மெல்லிய ஓடு போன்ற கொப்புளங்களாக நிற்கும். இது தெரிந்தால் தாமதிக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

முதலில் ஆசிட். பட்டறையிலும் கழிப்பறை கழுவவும் புழங்குகிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு ஒரு நிமிடத்தில் போய்விடும், உண்மை. ஆனால் எந்தக் குளோரைடுக்குப் பயந்தோமோ அதையே வாளுக்குக் குடிக்கக் கொடுத்ததாகிவிடும். ஒரே மாதத்தில் முன்பைவிடக் கேவலமாகத் துருப் பிடிப்பது இதனால்தான். இரும்பு மட்டமில்லை.

புளியும் எலுமிச்சையும் அவ்வளவு கொடியவை இல்லை என்றாலும் அமிலம் அமிலம்தான். வேலின் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழம் வாடி உதிரும்வரை நாள் கணக்கில் அப்படியே விடுகிறார்கள். சிட்ரிக் அமிலம் அந்த ஒரு விரற்கடை இரும்பை அரித்துக் குழி குழியாக்கிவிடும். பழைய வேல்களில் நுனி மட்டும் சோளக்கதிர் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அது போர்க் காயம் இல்லை, பழச்சாறு. சந்தனமும் குங்குமமும் ஈரமாக வைக்கப்படுவதால் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு நிற்கும். வழிபாட்டை விடச் சொல்லவில்லை. மெழுகுப் பூச்சு இருக்கட்டும். பழத்தை வேலின் அடியில் வையுங்கள், பொட்டை மரக் காம்பில் வையுங்கள், அன்று இரவே துடைத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சில வாரம் காக்கும். பிறகு சிக்குப் பிடிக்கும், தூசியையும் உப்பையும் சேர்த்து இழுக்கும். எண்ணெய் கெடும்போது உண்டாகும் கொழுப்பு அமிலம் பித்தளைக் கைப்பிடியில் பச்சைக் களிம்பாக வரும். வெள்ளி பெயிண்ட், கருப்பு எனாமல் இரண்டும் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை. மேலே அழகாக இருக்கும், அடியில் புடைக்கும், ஒரு நாள் அப்பளமாகக் கையோடு வரும்.

வீட்டில் உள்ள வாளுக்கு

கையுறை போடுங்கள். மருந்துக் கடை நைட்ரைல் கையுறை போதும். விரல் வியர்வையில் உப்பு உண்டு, கைரேகை அப்படியே துருவாகப் பதியும். தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, நீளம், எடை, கனம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கைப்பிடியைப் பாருங்கள். நம் நாட்டு வாள்களில் பெரும்பாலும் அலகின் வால் கைப்பிடிக்குள் நுழைந்து, அரக்கு ஊற்றி இறுக்கப்பட்டிருக்கும். ஆணி கிடையாது. வெந்நீரில் போட்டாலும், வெயிலில் வைத்தாலும், ஹேர் டிரையர் காட்டினாலும் அரக்கு இளகிக் கைப்பிடி கழன்றுவிடும். கழன்றதை எபாக்ஸி ஊற்றி ஒட்டுவது இன்னொரு கேடு. பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே வேலை அலகில் மட்டும், குளிர்ந்த நிலையில் மட்டும்.

பழைய எண்ணெய்ச் சிக்கை மினரல் டர்ப்பன்டைன் நனைத்த பஞ்சால் எடுக்கலாம். அது காய்ந்தபின் உப்பைத் துடைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பாதிக்குப் பாதி கலந்து, பஞ்சைப் பிழிந்து, நான்கு விரல் அகலம் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, பிறகு அடுத்த நான்கு விரல். பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதே பஞ்சால் அலகு முழுக்கத் துடைத்தால் உப்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ப் பூசியதுதான் மிச்சம். காய்ச்சி வடித்த நீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் நீர். போர்வெல் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். இந்தக் கரையில் அது பாதி கடல்.

உதிரும் துருவை மூங்கில் சீவலாலும் தேய்ந்த பல் பிரஷாலும் எடுத்தால் போதும். உப்புத்தாள் எந்த நம்பராக இருந்தாலும் வேண்டாம். சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்கவே கூடாது. தோல் போன்ற கருந்துருவை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மின்விசிறிக்கடியில் காயவைத்து, மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை மெல்லிய துணியில் தொட்டுப் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். அரை மணி கழித்துத் துணியால் மெருகேற்றி, இன்னொரு பூச்சு. கார் பாலிஷில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும், அதைத் தவிர்க்கவும். தேன்மெழுகுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. வேறு வழியில்லாவிட்டால் மட்டும்.

வாளை உறையில் போட்டு வைப்பதுதான் முறை என்று நினைக்கிறோம். காட்சிக்குச் சரி, காப்புக்கு ஆகாது. தோல் உறையும் வெல்வெட் உறையும் ஈரத்தையும் அமிலத்தையும் அலகோடு கட்டி வைக்கும். உறை தனி, வாள் தனி. இறுக மூடும் பாலிபுரோப்பிலீன் பெட்டியில், அலகு எதையும் தொடாதபடி பாலித்தீன் நுரைத் துண்டுகள் மேல் வைத்து, 20 லிட்டர் பெட்டிக்கு அரைக் கிலோ வீதம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் ரகமாக இருந்தால் எப்போது தீர்ந்தது என்று தெரியும். மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடேற்றினால் மறுபடி பயன்படும். ஈரப்பதமானி ஒன்று உள்ளே இருக்கட்டும். பிரிஸ்டலில் நிற்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பலின் உப்பேறிய இரும்பு உடலை 20 சதவீத ஈரப்பதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். குளோரைடு ஊறிய இரும்புக்கு எந்த அளவு வறட்சி வேண்டும் என்பதற்கு அது அளவுகோல். ஏசி அறை மட்டும் போதாது.

வளரி

மருது சகோதரர்களை நேரில் அறிந்த கும்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று எழுதிவைத்திருக்கிறார். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பதும் அவர் சொன்னதுதான். எறிந்தவர் கைக்கே வளரி திரும்பி வரும் என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. சுழன்று போய் அடித்து விழுத்துவதற்கான ஆயுதம் அது.

பிறை வடிவம், ஒரு முனை கனம், மறு முனை இலேசு, வெளிவிளிம்பு கூர். இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில சுற்றுச் சுழற்றி வீசுவார்கள். உங்களிடம் இருப்பது பழையதா, அண்மையில் பரிசுப் பொருளாகச் செய்ததா என்று பார்க்க இதுவே வழி. விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைத் தேடுங்கள். கடையில் வாங்கிய இரும்புத் தகட்டை வெட்டிச் செய்ததில் அது ஏறத்தாழ நடுவில் இருக்கும், கனம் முழுக்க ஒரே அளவாக இருக்கும். உலையில் காய்ச்சி அடித்ததில் கன முனைப் பக்கம் நன்றாகத் தள்ளியிருக்கும். அரித்த இடங்களில் மரத்தின் நார் போல வரி வரியாகத் தெரிந்தால் அது உலையில் அடித்துச் செய்த பழைய தேனிரும்பு. ஆலைத் தகடு அப்படி அரிக்காது.

மர வளரிக்கு எதிரி துரு இல்லை, கரையானும் உளுவும். கீழே மாவு மாதிரி தூள் விழுந்தால் உளு உள்ளே இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். இந்தக் கரையில் கைவசம் இருக்கும் நல்ல மருந்து மீன் வியாபாரியின் ஃப்ரீசர். வளரியைக் கனமான பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் வியர்வை மரத்தின் மேல் பூக்கும். மூடியிருந்தால் பைக்கு வெளியே பூத்து வழிந்துவிடும். இரும்புப் பூண் போட்டதையும் தந்தத்தையும் இப்படிச் செய்யக் கூடாது.

தந்த வளரி என்றால் தண்ணீரே படக் கூடாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்தத்தை வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும், வாங்கவோ விற்கவோ முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடலிலிருந்து வரும் இரும்பு

மடி வலையில் மீனோடு உருண்டையாக ஏதாவது ஏறும். சிப்பியும் மணலும் பவளமும் ஒட்டிப் பாறை போல இருக்கும். விசைப்படகில் வந்தால் பெரும்பாலும் கரை சேர்வதற்குள்ளேயே சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தத் தட்டுதான் முதல் தவறு, காயவிட்டது இரண்டாவது.

வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. இருநூறு வருடம் கடலில் கிடக்கும்போது இரும்பு கரைந்து வெளியேறுகிறது, கார்பன் கிராஃபைட்டாக அதே வடிவத்தில் நிற்கிறது. பார்த்தால் முழுப் பீரங்கிக் குண்டு, வார்த்த தழும்பு கூடத் தெரியும். கத்தியை வைத்தால் பென்சில் முனை மாதிரி சீவலாம். ஈரமாக இருக்கும்வரை வடிவம் நிற்கும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் உப்பு படிகமாகி விரிசல் விடும், காற்றுப் பட்டுக் குண்டு சூடேறுவதும் உண்டு, சில வாரத்தில் வெங்காயமாக உரியும்.

ஆகவே எடுத்ததும் அதே கடல் நீர் நிரம்பிய பிளாஸ்டிக் வாளிக்குள் வையுங்கள். இரும்பு வாளி, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கரைக்கு வந்ததும் மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீருக்கு மாற்றி, லிட்டருக்கு 50 கிராம் சோடியம் கார்பனேட் கரையுங்கள். கடையில் கிடைப்பது படிகமான சலவை சோடா என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், லிட்டருக்கு 135 கிராம் போட வேண்டும். பொருள் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், மூடி போட வேண்டும். இந்தக் காரநீரில் இரும்பு மாதக்கணக்கில் பொறுத்திருக்கும். பித்தளையோ மரமோ தோலோ ஒட்டியிருந்தால் சோடா வேண்டாம், நல்ல தண்ணீர் மட்டும்.

ஆய்வுக்கூடத்தில் அடுத்து நடப்பது என்னவென்று தெரிந்துவைப்பது நல்லது. வீட்டில் செய்து பார்ப்பதற்கு அல்ல. லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் பொருளை வைத்து, சுற்றிலும் எஃகு வலை நிறுத்தி, ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம் கொடுப்பார்கள். பொருள் எதிர்முனை, வலை நேர்முனை. கம்பியை மாற்றிக் கொடுத்தால் வலைக்குப் பதில் பீரங்கிக் குண்டு கரையும். மின்னோட்டம் மிகக் குறைவாக, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி ஆம்பியர் அளவில் தொடங்கும். ஒன்பது பவுண்டுக் குண்டு ஒன்றின் மேற்பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர், ஆக மூன்றில் ஒரு ஆம்பியர். கார் பேட்டரி சார்ஜரை மாட்டி ஐந்து ஆம்பியர் விடுகிறவர்கள் நுரைக்க நுரைக்கத் துரு கழன்று விழுவதைப் பார்த்து மகிழ்வார்கள். விழுவது துரு மட்டும் இல்லை, அந்தக் கிராஃபைட் தோலும்தான். சமையல் உப்பைப் போட்டுச் செய்தால் குளோரின் வாயு வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை தவறான கரைசலில் அரித்தால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும்.

கரைசலில் குளோரைடு இன்னும் இறங்குகிறதா என்று வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுப் பார்ப்பார்கள், வெண்மையாகக் கலங்கினால் இருக்கிறது. காரக் கரைசலில் நேரடியாகச் சொட்டினால் பழுப்பாகி ஏமாற்றும். முதலில் நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிக்கொள்ள வேண்டும். கரைசலை மாற்றி மாற்றிக் குண்டுக்கு மாதக்கணக்கு, பீரங்கிக்கு வருடக்கணக்கு. குளோரைடு நின்றபின்தான் கழுவி, டானிக் அமிலம் பூசிக் கருக்கவைத்து, மெழுகு. கடுக்காய்க் கஷாயத்திலும் இதே துவர்ப்புச் சத்து உண்டு, இரும்பில் பட்டால் கருக்கும். ஆனால் குளோரைடு போகாத இரும்பில் எதைப் பூசினாலும் வீண். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930-களிலிருந்து உலோகப் பொருள்களைக் காக்கும் வேலை செய்துவருகிறது. மாநிலத் தொல்லியல் துறையிடமும் கேட்கலாம்.

பொது இடத்தில் நிற்கும் பீரங்கிகளுக்குச் சின்ன வேலைகளே பெரிய பலன் தரும். வாய் கொஞ்சம் கீழ் நோக்கிச் சாய்ந்திருந்தால் மழைநீர் தேங்காது. சிமெண்டில் பாதி புதைத்தால் புதைந்த இடத்தில்தான் முதலில் அரிக்கும். இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்று ஓடும். குழலுக்குள் குப்பை போடாதபடி மூடி வேண்டும், அந்த மூடியில் காற்றுத் துளையும் வேண்டும்.

வெடிக்கக் கூடியவை

பீரங்கிக் குண்டு எல்லாம் திட இரும்பு என்று நம்பாதீர்கள். உள்ளே குழிவாக, மருந்து அடைத்துத் திரி வைத்த ரகமும் உண்டு. சுற்றளவை நூலால் அளந்து விட்டத்தைக் கணக்கிடலாம். திடக் குண்டு 89 மில்லிமீட்டர் இருந்தால் ஆறு பவுண்டு, எடை 2.7 கிலோ அளவில். 102 மில்லிமீட்டர் இருந்தால் ஒன்பது பவுண்டு, 4 கிலோ. எடை மிகக் குறைந்தால் உள்ளே குழிவாக இருக்கலாம், இல்லையேல் கிராஃபைட்டாகி இரும்பு போயிருக்கலாம். இரண்டில் எது என்று எக்ஸ்ரே தான் சொல்லும். சிப்பியும் மணலும் ஒட்டிய படிவம் மூடியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. கருமருந்து நீரில் நனைந்தால் செயலிழக்கும், காய்ந்தால் மறுபடி உயிர் வரும். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜினியாவில், உள்நாட்டுப் போர்க் காலக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவசாலிச் சேகரிப்பாளரே அது வெடித்ததில் இறந்துபோனார். துளை போடுவது, கிரைண்டர் வைப்பது, சூடாக்குவது மூன்றும் கூடாது.

பழைய நாட்டுத் துப்பாக்கிகளிலும் மருந்து கெட்டித்தபடியே கிடப்பதுண்டு. மெல்லிய மரக்குச்சியை வாய் வழியாக மெதுவாக இறக்கி, நின்ற இடத்தைக் குறித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிப் பிடியுங்கள். குச்சியின் முனை திரித்துளை வரை வந்தால் காலி. மூன்று, நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அளக்கும்போது முகமோ உடலோ வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. காலி இல்லையென்றால் அதோடு நிறுத்திக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இந்தக் கரையில் பூமிக்கடியில் இருப்பதெல்லாம் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் காலமும் இல்லை. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருள்களும் கிடைத்தன. இலங்கைப் போர்க்காலத்துப் பதுக்கல். பித்தளைத் தோட்டா, தகரப் பெட்டி, கம்பி ஒட்டிய எதுவாக இருந்தாலும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போவது ஒன்றே வழி. பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போவது தற்கொலை.

சட்டம் சுருக்கமாக: மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் 1878-ன் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே கிடப்பதை எடுக்கக் கூடாது. நூறு வருடம் தாண்டிய பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. துபாயில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாகக் குத்துவாளைப் பெட்டியில் வைத்து அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

எழுத்தைப் படிக்க

எது எங்கிருந்து வந்தது என்பதை முத்திரைதான் சொல்லும். வி எழுத்தின் இரு கைகளில் ஓ, சி என்ற எழுத்துகள் கோத்திருந்தால் டச்சுக் கும்பெனி. அவர்களுக்குக் கீழக்கரையில் பண்டகசாலை இருந்தது. கோழிக்கால் போல மூன்று கோட்டு அம்பு இருந்தால் பிரிட்டிஷ் அரசு. துப்பாக்கி விசையில் இதய வடிவம் இருந்தால் கிழக்கிந்தியக் கும்பெனியின் பழைய அடையாளம். 1808-ஐ ஒட்டி அது சிங்கமாக மாறியது. ஆகவே இதயம் இருந்தால் பாளையக்காரர் போர்க் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், சிங்கம் இருந்தால் நிச்சயம் இல்லை.

ஆங்கிலப் பீரங்கிகளின் மேல் மூன்று எண்கள் இடைவெளி விட்டுச் செதுக்கியிருக்கும். உதாரணத்துக்கு 18, 2, 14. இதை வருடம் என்றும் படைப்பிரிவு என்றும் ஊரில் பலவாறு சொல்வார்கள். அது எடை. முதல் எண்ணை 112 பவுண்டாலும், இரண்டாவதை 28-ஆலும் பெருக்கி, மூன்றாவதைக் கூட்ட வேண்டும். இங்கே 2,086 பவுண்டு, ஏறக்குறைய 946 கிலோ. கிரேன் பிடிக்கும்போதும் இந்தக் கணக்கு உதவும்.

மங்கிய எழுத்தைப் படிக்க யாரும் எதையும் சுரண்ட வேண்டியதில்லை, சாக்பீஸ் மாவும் தேய்க்க வேண்டியதில்லை. இருட்டியபின் டார்ச்சைப் பரப்போடு ஒட்டி, ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி அடியுங்கள். பகலில் வெறும் துருவாகத் தெரிந்த இடத்தில் பள்ளங்களுக்கு நிழல் விழுந்து எழுத்து எழும். செல்போனை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் நான்கு திசையிலிருந்தும் மாற்றி நான்கு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். எந்த ஊரில், எந்தத் திசைக் கடலில், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் கிடைத்தது என்பதையும் அந்தப் படங்களோடு சேர்த்து எழுதி வையுங்கள்.